போர் முடிந்த நகரின் அன்றாடத்தைப் படமெடுக்கச் செல்பவர் எதைத் தேட வேண்டும்?

போருக்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தின் அன்றாட வாழ்க்கையைப் படத்தொகுப்பாகச் செய்ய விரும்புவதாகவும், இடிந்த வீடுகளைத் தவிர வேறு எதைத் தேடுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் நாளிதழ்ப் புகைப்படக்காரனாகப் பணியாற்றியவன், போர் முடிந்த பின்னர் அங்கே சென்று படமெடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எதைத் தேடுவது என்பதற்கு முன்பாக, எடுத்த படத்தைப் பார்த்து அதன் குறையைச் சொல்லத் தகுந்தவர் யார் என்று தேடுங்கள். மதுரைக்காரர்கள் அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன.

என் படங்களை அச்சிட்டு ஆனையூரில் காட்டியபோது, நான் சிறந்தவை என்று மேலே அடுக்கியிருந்த இடிபாட்டுப் படங்களை அவர்கள் சீட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார்கள். கூரையற்ற வீடுகள் அவர்களுக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் நான் கணக்கில் கொள்ளாத ஒரு ஒழுங்கையின் (குறுகிய சந்தின்) படத்தில் ஒரு வயதான அம்மா வெகுநேரம் நின்றார். "வேலியெல்லாம் தகரமாய்க் கிடக்கு, கிடுகு ஒண்டும் இல்லையோ தம்பி? கிணத்தில துலாவையும் காணேல்ல" என்றார். கிடுகு என்பது வேலி அடைக்கும் தென்னோலைப் பின்னல், துலா என்பது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றம். மீன் சந்தைப் படத்தைப் பார்த்து, பாரை இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. அன்றாடம் என்பது, முன்பு இருந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவரின் கண்ணுக்கே முழுமையாகத் தெரிகிறது என்பதை அந்தப் பிற்பகலில்தான் கற்றுக்கொண்டேன்.

இடிபாடுகளை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவை எளிதில் கிடைப்பவை, அதைவிட எளிதில் தவறாகப் படிக்கப்படுபவை. நடுவீட்டில் ஆலமரம் வளர்ந்து நிற்கும் ஒரு கட்டடம், 1995 அக்டோபர் இறுதியில் ஊரே கிழக்கிலுள்ள தென்மராட்சிப் பகுதியை நோக்கி நடந்தபோது கைவிடப்பட்டதாக இருக்கலாம். 1990 அக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் ஒன்றினுடையதாக இருக்கலாம். உரிமையாளர்கள் கனடாவிலும் லண்டனிலும் சிதறியிருப்பதால் விற்கவோ பழுதுபார்க்கவோ ஆளின்றி நிற்பதாகவும் இருக்கலாம். படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே படமெடுத்த தெருவிலேயே குறைந்தது இரண்டு வீடுகளில் விசாரித்து எழுதாத படக்குறிப்பை நான் நம்புவதில்லை. புகைப்படக்காரர் டேவிட் சீமோர் 1948இல் யுனிசெஃபுக்காகப் போலந்தில் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது: கரும்பலகையில் தன் வீட்டை வரையச் சொன்னபோது வெறும் கிறுக்கலாகக் கோடிழுத்துவிட்டுக் கேமராவைப் பார்க்கும் சிறுமி. அவள் வதைமுகாமில் வளர்ந்தவள் என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். வார்சாவில் வாழ்ந்து, தாக்குதலில் தலையில் காயமுற்ற சிறுமி அவள் என்பது வெகுகாலம் கழித்தே ஆய்வில் தெரியவந்தது. படம் அப்படியேதான் இருந்தது, அதனடியில் ஒட்டிய கதைதான் வேறொருத்தியுடையது.

எனில் எதை எடுப்பது? பழுதுபார்க்கும் வேலையை எடுங்கள்: ஓடு மாற்றுபவர், படலைக்கு (வாசற்கதவுக்கு) இரும்பு ஒட்டுபவர், குண்டுபட்ட சுவரின் ஓட்டைகளைச் சாந்து பூசி மறைப்பவர். மாலையில் தனியார் வகுப்புகளின் வாசலில் வரிசையாக நிற்கும் மாணவர்களின் சைக்கிள்களை எடுங்கள். போர்க்காலத்திலும் நின்றுபோகாத பழக்கம் அது. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயை மிச்சப்படுத்த ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பொருள்களில் ஏதேனும் வீட்டில் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பரணிலிருந்து வெளிவரும் ஒரு பழைய போத்தல், கோட்டைச் சுவரைவிட அதிகம் சொல்லக்கூடும். 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் வெண்ணிற முகப்பை எல்லோரும் எடுக்கிறார்கள், உள்ளே நாளிதழ் படிக்கும் ஓய்வுபெற்றவர்களை எடுப்பவர்கள் குறைவு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, தம் ஊரில் ரயிலையே பார்த்திராத ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்திருந்தது. நிலையத்தில் ரயிலுக்கு முதுகு காட்டி நின்று, பார்ப்பவர்களின் முகங்களை எடுப்பதே என் விருப்பமாக இருக்கும்.

கேமராவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீழவாசலிலோ மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலோ கேமராவை எடுத்தால், "அண்ணே, எந்தப் பேப்பர்ல வரும்?" என்று நான்கு பேர் வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தோடு அங்கே போகாதீர்கள். சோதனைச்சாவடியிலும் முகாமிலும் குடும்பத்தோடு நிறுத்திப் படமெடுத்துப் பதிவுசெய்யப்பட்ட மக்களுக்குக் கேமரா என்பது அதிகாரத்தின் கருவியாகவும் இருந்திருக்கிறது. தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுப்பது நம் ஊரில் நாகரிகம்போலத் தோன்றலாம். அங்கே அது வேவு பார்ப்பதாகவே தெரியும். 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். கேமராவைக் கழுத்தில் வெளிப்படையாகத் தொங்கவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள், படம் எங்கே போகும் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறுத்தால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இராணுவ முகாம்களின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். அதன் விளைவு உங்களுக்கு மட்டுமல்ல, உங்களோடு நின்று பேசியவருக்கும் சேரும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கையில் ஏந்தியிருப்பதும் படங்கள்தாம், பெரும்பாலும் அடையாள அட்டைக்காக எடுத்துப் பிறகு பெரிதாக்கியவை. அழும் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்து, கையில் உள்ள படத்தைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அந்தத் தாய் அங்கே உட்கார்ந்திருப்பதே அந்தப் படத்தைக் காட்டுவதற்காகத்தான். அதிலுள்ள முகம் தெளிவாகத் தெரியும்படி, அதன் மீது குவியம் வைத்து எடுங்கள்.

திரும்பியதும் இங்கே ஏதேனும் ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு, படமெடுத்த வீடுகளுக்கு அனுப்பிவையுங்கள். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களில் திருமண ஆல்பம்கூட மிஞ்சாத வீடுகள் பல உண்டு என்பதால், கைப்பேசியில் அனுப்பும் கோப்பை நான் போதுமானதாகக் கருதுவதில்லை. மேட் தாளில், குறைந்தது 6×8 அங்குல அளவில், பின்புறம் தேதியும் இடமும் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். மீன் விலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள், ஆனையூரில் கட்டாயம் கேட்பார்கள்.