60இல் எதிர்பார்த்த பென்சன் 66இல்தான் வந்தது: வழக்குப் போடலாமா?

கேள்வி: நான் 1955 யூனில் யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். 1984இல் லண்டன் வந்தேன். பெண்களுக்கு 60இல் பென்சன் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். 66இல்தான் கிடைத்தது, அதுவும் முழுதாக இல்லை. பென்சனுக்குக் கணக்கிடும் பதிவில் 22 வருடம்தான் இருக்கிறதாம். 1986இலும் 1989இலும் பிறந்த பிள்ளைகளைப் பார்க்க 1999 வரை வீட்டில் நின்றேன். வழக்குப் போடலாமா?

பதில்: வயதுக்காக வழக்குப் போட வேண்டாம், அம்மா. அந்தக் கதவை நீதிமன்றம் மூடிவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வயதை ஆண்களுக்குச் சமமாக 65 ஆக்கியது; 2011ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் வயதுக்காரரை 66க்குத் தள்ளியது. இது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. வயது கூடியதைப் பெண்களுக்குச் சொல்ல அரசு தாமதித்தது நிர்வாகத் தவறு என்று 2024 மார்ச்சில் ஒம்புட்ஸ்மன் (அரச துறைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) சொல்லி, 1,000 முதல் 2,950 பவுண் வரை நட்டஈடு பரிந்துரைத்தார். டிசம்பரில் அரசு மன்னிப்புக் கேட்டது. காசு தர மறுத்தது. ஒம்புட்ஸ்மனால் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது.

சரி, என் கண்ணில் பட்டது அந்த 22 வருடம்தான். 1978 முதல் 2010 வரை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் உதவிப்பணம்) எடுத்தவருக்கு, வேலைக்குப் போகாத முழு வரி ஆண்டுகளுக்கும் (ஏப்ரலில் தொடங்குபவை) பென்சன் பாதுகாப்பு இருந்தது; அந்த வருடங்களும் பென்சன் கணக்கில் சேரும். 2000 மே மாதத்துக்கு முந்திய விண்ணப்பங்களில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் (பென்சன் பதிவுக்கான அடையாள எண்) கட்டாயமில்லை. எண் இல்லாததால் பல தாய்மாரின் வருடங்கள் பதிவில் ஏறவே இல்லை. அரசே இதை ஒப்புக்கொண்டு 2023இலிருந்து கடிதம் அனுப்பியது. கடிதம் வராவிட்டாலும் நீங்களாகவே கேட்கலாம்.

பெனிஃபிட் உங்கள் பெயரில் வந்திருந்தால், உங்களுக்கு 1987 ஏப்ரலிலிருந்து 12 வருடம் தேறும். அப்போது 34 ஆகும். முழுத்தொகைக்கு 35 வேண்டும். 2025–26இல் முழுத்தொகை வாரம் 230.25 பவுணாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு வருடத்தின் பெறுமதி வாரம் 6.58 பவுண், 12 வருடத்துக்கு 79 பவுணளவு. 2016க்கு முந்திய பழைய பென்சன் முறையின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதால் தொகை கொஞ்சம் மாறலாம். நிலுவையும் உண்டு. யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள், நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வரித் திணைக்களத்தின் சி.எஃப்.411 படிவத்தை நிரப்புங்கள். இணையத்திலும் செய்யலாம், சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அப்புறம் ஒன்று: பெனிஃபிட் கணவர் பெயரில் வந்திருந்தால், அவருக்குத் தேவைப்படாத வருடங்களை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அதற்கும் இதே படிவம்தான்.