கண் அறுவைக்குப் பின் வாந்தி வருமா?

கேள்வி: எனக்கு 54 வயது. முன்பு கர்ப்பப்பையை அகற்றியபோது முழு மயக்கம் கொடுத்தார்கள். விழித்ததும் இரவு முழுவதும் வாந்தி. இப்போது இடது கண்ணில் விழித்திரை விலகியிருக்கிறது. உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். கண்ணருகே ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் போதுமாம். மீண்டும் வாந்தி எடுத்துக் கண் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயத்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். விலகிய விழித்திரை காத்திருக்காது. ஊசியால் மரத்துப்போகச் செய்வது உங்களைப் போன்றவருக்கு நல்ல தேர்வு.

பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதது, முன்பு வாந்தி எடுத்தது அல்லது பஸ்ஸில் போனால் குமட்டுவது, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து பெறுவது: வாந்தி வாய்ப்பைக் கணிக்க நாங்கள் பார்ப்பவை இந்த நான்கும்தான். நீங்கள் புகைபிடிப்பதில்லை என்றால் உங்களுக்கு மூன்று பொருந்துகின்றன. வாயுவை முகரச் செய்து கொடுக்கும் முழு மயக்கத்தில், வாந்தித் தடுப்பு மருந்து இல்லாதபோது, மூன்று உள்ளவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது.

கண்ணில் இன்னொன்றும் சேர்கிறது. விழியை அசைக்கும் தசைகளை இழுக்கும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு வழியாகத் திரும்பி இதயத்துடிப்பைக் குறைக்கும். குமட்டலுக்கும் இந்த வழியே காரணமாகலாம் என்று கருதுகிறோம். மரத்துப்போகும் ஊசி அந்தத் தூண்டல் மூளைக்குப் போவதையே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. வலியும் அடங்குவதால் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது அரிது. ஏதோ காரணத்தால் முழு மயக்கமே வேண்டியிருந்தாலும், கூடவே இந்த ஊசியையும் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போது மயக்க வாயுவுக்குப் பதில் ரத்தக்குழாய் வழியாக ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுப்பதும் வாந்தியைக் குறைக்கும்.

ஊசி போட்டாலும் வாந்தி அறவே வராது என்று நான் உறுதி தரமாட்டேன். ஆகவே பழைய வாந்திக் கதையை மயக்கவியல் மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்; அவர் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன் மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல பாதுகாப்பு. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, அதிக மைனஸ் பவர் இருந்தாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழிக்கோளம் நீண்டிருக்கும்; அதில் கூரான ஊசிக்குப் பதிலாக மழுங்கிய முனைக் குழாய் வழியாக மருந்து செலுத்துவது பாதுகாப்பானது.

விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும்வரை விமானப் பயணம் கூடாது. அதற்குள் வேறு அறுவை வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொடுக்கக்கூடாது என்று அங்கே சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு கடுமையான கண்வலியுடன் வாந்தி வந்தால், மயக்க மருந்தின் மிச்சம் என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கண்ணழுத்தம் ஏறினாலும் இப்படித்தான் வாந்தி வரும். அது நள்ளிரவானாலும் உடனே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.