பைக்கை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள அம்மா,

மன்னார்குடி பக்கம் கிராமம். அவருக்கு விவசாயம், நான் தனியார் பள்ளி ஆசிரியை. குறுவை நடவுக்கு என் சங்கிலியை எனக்குத் தெரியாமல் அடகு வைத்துவிட்டார். கேட்டால் சண்டை. நான் பேசப் பேச அவர் வாயே திறப்பதில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நான் ஒரு பொருட்டே இல்லையா என்று ஆகிவிடுகிறது. அப்புறம் நாலைந்து நாள் எல்லாப் பேச்சும் ஏழு வயது மகள் வழியாகத்தான். அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை. அவரை எப்படிப் பேச வைப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நகையை உங்களைக் கேட்காமல் வைத்தது தவறு. டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் நடவுக்கு அடகுக்குப் போகும் தங்கம், நெல் போட்ட பணம் வந்ததும் மீண்டு வருகிறது. ஊர் வழக்கம் என்பதற்காக அது அவர் மட்டும் எடுக்கிற முடிவாகிவிடாது. உங்கள் கோபத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் மௌனம் அலட்சியம்தானா என்று யோசியுங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் கோட்மனும் ராபர்ட் லெவன்சனும் தம்பதிகளை உட்கார வைத்து, அவர்களுடைய சச்சரவையே பேசச் சொல்லி, பேசும்போதே நாடித்துடிப்பை அளந்து பார்த்தார்கள். வாயை மூடிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வெளியே அசையாமல் இருப்பவருக்கு உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்கிறார் கோட்மன். அந்த நேரத்தில் "வாயத் தொறந்தா என்ன?" என்று கேட்கக் கேட்க அவர் இன்னும் இறுகிப்போவார்.

ஆகவே அவர் எழுந்து போகட்டும். சொல்லிவிட்டுப் போகட்டும். "இப்ப முடியல. வயலப் பாத்துட்டு எட்டு மணிக்கு வரேன், பேசுவோம்." எட்டு மணிக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசவும் வேண்டும். சண்டை இல்லாத ஒரு நாளில் இதை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு நடுவில் புது விதி போட்டால் அதுவே இன்னொரு சண்டை. அந்த இடைவெளியில் நீங்களும் "வரட்டும், கேக்குறேன்" என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தால் ஒன்றும் அடங்காது. துணி மடியுங்கள், தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், தொடக்கம். "உங்க குடும்பமே இப்படித்தான், எல்லாத்தையும் மறைக்கும்" என்று ஆரம்பித்தால் அவர் தன் குடும்பத்துக்கு வக்காலத்து வாங்கப் போய்விடுவார், சங்கிலிப் பேச்சு காணாமல் போய்விடும். "என்னங்க, அடகு ரசீதப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. மனசு கஷ்டமாயிடுச்சு. இனிமே வைக்கிறதுக்கு முன்னாடி என்னக் கேளுங்க" என்றால் அவரால் பதில் சொல்ல முடியும். அவரும் "ஆமா, கேக்காம வச்சது தப்புதான்" என்று சொல்லப் பழக வேண்டும். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும். "பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க" என்று மட்டும் நீட்டாதீர்கள்.

நேரமும் முக்கியம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்காமல் போட்டு வைத்திருக்கிற இரவில் நகைப் பேச்சு வேண்டாம். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் முழுசாகத் தீராதவை என்பது கோட்மன் கணக்கு. மேட்டூர்த் தண்ணீரை நம்பிய வீட்டில் பணக் கவலையும் அப்படித்தான். குறுவைக்கு முன் ஒருமுறை, சம்பாவுக்கு முன் ஒருமுறை கணக்கு நோட்டோடு சேர்ந்து உட்காருங்கள். எதை அடகு வைப்பது, எப்போது மீட்பது என்று அங்கேயே எழுதிவிடலாம்.

இதைப் படிக்கிற மற்ற பெண்களுக்கு ஒன்று: அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு இந்த யோசனைகள் பொருந்தாது. 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது உங்கள் மகள். "அப்பாட்ட சொல்லு, சோறு ஆயிடுச்சு" என்பதை எந்தக் குரலில் போய்ச் சொல்வது என்று ஏழு வயதுக் குழந்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. யார் முகம் கோணுமோ என்று பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. இதை இன்றைக்கே நிறுத்துங்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் சோறு, பள்ளிக் கட்டணம், உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் நீங்கள் இருவரும் நேரடியாகவே பேசிக்கொள்ளுங்கள். நாலே வார்த்தையானாலும் சரி.

அன்புடன்