இன்ஸ்ட்ரூமென்டேஷன் படிக்கும் பெண் சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

வணக்கம் சார். மகள் இ அண்ட் ஐ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ரூமென்டேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், திடீரென்று சைபர் பிசிகல் சிஸ்டம் (கணினி கட்டுப்படுத்தும் ஆலை, மின் நிலையம் போன்றவை) பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள், அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளின் வேலை ஆயிற்றே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை சார். இந்தத் துறையில் அவள் படிப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் திரையில் மவுஸை நகர்த்தி, துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை, திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு கரண்ட் போனது. ஆனாலும் சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது, ஏனென்றால் ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கே நேரில் போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டார்கள். தாக்குதலைத் தடுப்பது ஒரு பக்கம், தாக்கிய பிறகும் ஆலையை ஓடவைப்பது எப்படி என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

தொழிற்சாலைகளில் கருவிகள் ஒன்றோடொன்று பேச இன்றும் புழங்கும் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறை 1979இல் வந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று கேட்கும் வழக்கமே அதில் கிடையாது. வால்வைத் திற என்று யார் சொன்னாலும் பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) திறந்துவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி நினைத்தபோது நிறுத்தி அப்டேட் போடவும் முடியாது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் யோசிக்கிறார்கள்: உள்ளே வரும் வால்வு மூடியிருக்கிறது, வெளியேற்றும் பம்பு ஓடுகிறது, ஆனால் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறுகிறது என்று சென்சார் சொன்னால் அந்தச் சென்சார் சொல்வது பொய். இதைப் பிடிக்க உங்கள் மகள் படிக்கும் கன்ட்ரோல் சிஸ்டம் பாடம்தான் தேவை. சிங்கப்பூரில் எஸ்யூடிடி பல்கலைக்கழகத்தில் நிஜமாகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஸ்வாட் என்ற சோதனை ஆலையே இருக்கிறது. அதன்மேல் தாக்குதல் நடத்திச் சேகரித்த தரவை, கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு கைடு மூலம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவிலும் இடம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு 3,660 கோடி ரூபாயில் சைபர் பிசிகல் சிஸ்டங்களுக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. அதில் உருவான மையங்கள்தான் ஐஐடி கான்பூரின் சி3ஐ ஹப், ஐஐடி மெட்ராஸின் பிரவர்தக். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இருந்ததை, அந்த நிலையத்தை நடத்தும் என்பிசிஐஎல்லே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தனி நெட்வொர்க்கில் இருந்ததால் பாதிப்பில்லை என்றது. அந்தப் பிரிவினையை உறுதியாக வைத்திருக்கத்தான் ஆள் தேவை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஐ.டி.க்குப் போன தோழிகளில் சிலர் அதைவிட அதிகம் வாங்குவார்கள், அவளுக்கு அது உறுத்தும், உங்களுக்கும்தான். அதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தயவுசெய்து எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழ் என்று லட்சக்கணக்கில் கட்டிவிடாதீர்கள். பைத்தான், நெட்வொர்க்கிங் அடிப்படை, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் இன்ஸ்ட்ரூமென்டேஷன் பேப்பர், இந்த வருடத்துக்கு இது போதும். பிஎல்சி போலவே இயங்கும் ஓபன்பிஎல்சி, நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க், இந்த இரண்டு மென்பொருள்களும் இலவசம், அவள் லேப்டாப்பிலேயே மோட்பஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கலாம். அப்புறம், பிஎச்டிக்குச் சேரும்போது கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்காமல், லேபில் நிஜ பிஎல்சி இருக்கிறதா, வெறும் சிமுலேஷன்தானா என்று அங்கே படிக்கும் சீனியர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.