புஜங்காசனம் செய்தால் இடுப்பு பிடிக்கிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மேல்முதுகு இறுகிப்போனதால் ஒரு மாதமாக வீடியோ பார்த்து, பாம்பு படமெடுப்பதுபோல் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் செய்கிறேன். மேல்முதுகு தேவலை. ஆனால் செய்து முடித்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிறுத்திவிடவா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: ஆசனத்தை விட வேண்டாம், செய்யும் முறையை மாற்றுங்கள். பெரும்பாலும் முதுகுத் தசையால் எழும்பாமல், கையை ஊன்றித் தள்ளி எழும்புவதால்தான் இப்படி ஆகும். மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளோடு விலா எலும்புகள் பிணைந்திருப்பதால் அந்தப் பகுதி பின்னால் அதிகம் வளையாது. இடுப்பிலுள்ள 5 எலும்புகளோ சுலபமாக வளையும். முழங்கையை நீட்டித் தள்ளினால் மொத்த வளைவும் அடி இடுப்பில் விழுந்து, அங்குள்ள சிறு மூட்டுகள் நெருக்கப்படுகின்றன.

குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வையுங்கள். கால்கள் இடுப்பு அகலத்துக்கு விலகி, புறங்கால் தரையில் பதியட்டும். உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்க வேண்டும். அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, மூச்சை இழுத்துக்கொண்டே நெஞ்சை முன்னோக்கி நீட்டி மேலே தூக்குங்கள். தொப்புள் தரையை விட்டு எழக்கூடாது. இந்த நிலையில் உள்ளங்கைகளை ஒரு கணம் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். நெஞ்சு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, இப்போதைக்கு அதுதான் உங்கள் உயரம். நான்கு விரற்கடைதான் வருகிறதா? போதும். வீடியோவில் வருபவரின் உயரம் உங்களுக்குத் தேவையில்லை.

பார்வை முன்புறத் தரையில் இருக்கட்டும், தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்து நெரியும். மூச்சை அடக்காமல் 10 முதல் 15 விநாடி நின்று, மூச்சை விட்டபடி இறங்குங்கள். 3 முறை செய்தால் போதும். முடித்ததும் சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் மகராசனத்தில் (குப்புறப் படுத்து உடலைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நிலை) படுத்திருந்து, பிறகு மல்லாந்து முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கோரைப்பாயில் வியர்த்த கை வழுக்கும், மெத்தையில் இடுப்பு தொய்யும். மடித்த ஜமக்காளம் நல்லது. சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, நெடுநேரம் உட்காருவதால் தொடையின் முன்தசைகள் குறுகி இடுப்பை முன்னால் இழுக்கும். அதனால் ஆசனத்துக்கு முன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னே வைத்து, பக்கத்துக்கு 30 விநாடி அந்தத் தசைகளை நீட்டுங்கள்.

இப்படிச் செய்தால் முதுகுத் தசை வலுக்கும், கூன் விழுந்த நெஞ்சு விரியும். தொப்பை கரையும், தைராய்டு சரியாகும் என்பதையெல்லாம் நம்பாதீர்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முள்ளெலும்பு நழுவியவர்கள், தண்டுவடப் பாதை குறுகியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வலியோ மரமரப்போ காலுக்கு இறங்கினால் ஆசனத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

முறையை மாற்றி இரண்டு வாரத்திலும் பிடிப்பு குறையாவிட்டால், சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவர் முன் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.