பல்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்

கேள்வி: என்னுடையது பதினைந்து வருடப் பழைய சின்ன கார். போன வாரம் ராத்திரி சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் பக்கத்தில் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. பிரைட் போட்டால் எரிகிறது, டிம் போட்டால் இருட்டு. எதிரே வந்த லாரிக்காரர்கள் திட்டத் திட்ட பிரைட்டிலேயே வீடு வந்து சேர்ந்தேன். பல்பு இரண்டையும் மாற்றிவிட்டேன், ஃபியூஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? நான்கு வருடமாக 100/90 பல்புதான் போடுகிறேன், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.
- வாசகர், தர்மபுரி

பதில்: கேள்வியின் கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் காரில் ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை இருக்கிறது, இரண்டுக்கும் ஒரு முனை பொது. பிரைட் எரிகிறது என்றால் பேட்டரி, எர்த், அந்தப் பொது முனை எல்லாம் சரி என்று அர்த்தம், ஆகவே அவற்றைத் தோண்ட வேண்டாம். பொதுவாக இரண்டு பக்கமும் டிம் இல்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிஜமாகவே ஒன்றாகத்தான் போயிற்றா என்பது. ஒரு பக்கம் போய் ஒரு மாதம் ஆகியும் தெரியாமல் ஓட்டிவிட்டு, மறுபக்கமும் போனதும் "இரண்டும் சேர்ந்து போச்சு" என்று வருகிறவர்கள் அதிகம். நீங்கள் புது பல்பே போட்டுப் பார்த்துவிட்டதால் அந்தச் சந்தேகம் இல்லை. பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ்தான், இரண்டும் ஒரே நொடியில் போவது அபூர்வம். இருந்தாலும் ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், அதே ஆம்பியரில் வேறொன்றைச் செருகிப் பாருங்கள். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் அட்டையின் ஜிகினாப் பேப்பரை மடித்து வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், வண்டியே எரியும்.

மிச்சம் இருப்பது ஸ்டியரிங் பக்கத்தில் கம்பி போல நீட்டிக்கொண்டிருக்கும், டிம்-பிரைட் மாற்றுகிற காம்பினேஷன் சுவிட்ச். டிம்மில் வைத்து அந்தக் கம்பியை லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். விளக்கு ஒரு நொடி மினுக்கினாலோ, பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தாலோ வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. கம்பெனி பல்பு 60/55, அதாவது டிம்முக்கு 55 வாட். இரண்டு பல்புக்கும் சேர்த்து 110, பன்னிரண்டு வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். நீங்கள் போட்டது டிம்முக்கு 90 வாட், இரண்டுக்கும் 180, அதாவது 15 ஆம்பியர். ரிலே, அதாவது பெரிய கரன்ட்டை சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்ளும் கருவி, இல்லாத பழைய வண்டியில் இந்தக் கரன்ட் முழுவதும் அந்த சுவிட்சுக்குள் இருக்கும் கடுகளவு செம்புப் புள்ளி வழியாகப் போகிறது, நான்கு வருடம் தாங்கியதே பெரிய விஷயம்! எதிரே வருபவர்களின் கண்ணைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.

செய்ய வேண்டியது: சுவிட்சை மாற்றுங்கள், பழைய 60/55க்குத் திரும்புங்கள், பல்பு ஹோல்டர் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், ரிலே வைத்த வயரிங் செட் ஒன்றை பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸோடு இழுத்துவிடுங்கள். வெளிச்சமும் கூடும். பழைய வயரில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பெரிய பல்பு தேடி ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை நல்ல வயர்தான் என்பது என் கட்சி.

மெக்கானிக் நம்பாவிட்டால் ஹோல்டரைக் கழற்றி டெஸ்ட் லைட் (ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி உள்ள சின்ன சோதனை பல்பு) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் 12 வோல்ட் காட்டும், லோடு ஏறினால்தான் குட்டு உடையும். இன்னொன்று, ஜப்பான் வழி வந்த சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதில் கிளிப்பை பாடியில் மாட்டிவிட்டு டிம் முனையைத் தொட்டால் ஒன்றும் எரியாது, பேட்டரி பிளஸ்ஸில் மாட்டிப் பார்க்க வேண்டும். இது தெரியாமல்தான் பலர் "வயரிங் போச்சு" என்கிறார்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய பைக். சாவி போட்டால் ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் எரிகிறது, ஹெட்லைட் மட்டும் இல்லை. புது பேட்டரி போட்டும் அப்படியேதான்.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள், அந்தக் காலத்துப் பல பைக்குகளில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை, இன்ஜின் சுற்றும்போது கரன்ட் தயாரிக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும். இன்ஜின் ஓடினால்தான் எரியும், ஐட்லிங்கில் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று வரும். பேட்டரிக் காசு வீண்தான், என்ன செய்ய. ஸ்டார்ட் செய்தும் எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், ஹேண்டில் சுவிட்ச் என்று அந்த வரிசையில் பாருங்கள். புது பல்பு போட்டு, முறுக்கியதும் அதுவும் போனால் வோல்டேஜ் எகிறாமல் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கெட்டிருக்கிறது, அதை மாற்றாமல் அடுத்த பல்பு வாங்காதீர்கள்.

கேள்வி: காரில் வலது பக்க பல்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறது. ஏன்?
- வாசகர், காரைக்குடி

பதில்: யார் மாற்றுகிறார்கள், நீங்களா? கண்ணாடியை விரலால் தொட்டிருப்பீர்கள். ஹாலஜன் பல்பில் கை எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி சீக்கிரம் போய்விடும், துணியால் பிடித்து மாட்டுங்கள். பின்னால் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்து தண்ணீர் இறங்குகிறதா என்றும், ஹோல்டர் லூசாக ஆடுகிறதா என்றும் பாருங்கள்.