ஆரோனின் மகனும் மோசேயின் மகன்களும்

வணக்கம்.

எங்கள் சபையில் மூத்த போதகர் ஓய்வு பெறுகிறார். அவர் மகனையே அடுத்த போதகராக்கப் போகிறார்கள். கேட்டால், "ஆரோனுக்குப் பின் எலெயாசார் வரவில்லையா? ஊழியம் வம்சவழிதானே" என்கிறார்கள். வேதம் அப்படித்தான் சொல்கிறதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எலெயாசார் வந்தது உண்மைதான். ஓர் என்னும் மலையில், தன் அண்ணனும் பிரதான ஆசாரியருமான ஆரோனின் வஸ்திரங்களைக் கழற்றி, அவர் மகன் எலெயாசாருக்கு உடுத்தினார் மோசே. அது எண்ணாகமம் 20. அப்புறம் 27-ஆம் அதிகாரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். மோசேக்கும் கெர்சோம், எலியேசர் என்று இரண்டு மகன்கள் உண்டு. ஆனால் அவர் கை வைத்தது எப்பிராயீம் கோத்திரத்து யோசுவாவின் மேல். அண்ணனிடமிருந்த பலிபீடம் மகனுக்குப் போனது. தம்பியிடமிருந்த, ஜனத்தை நடத்தும் பொறுப்பு வெளியாளுக்குப் போனது. மோசேயின் பிள்ளைகளை 1 நாளாகமம் 23 மற்ற லேவியரோடு சேர்த்து எண்ணிவிட்டுப் போய்விடுகிறது.

பலிபீடத்துக்கு வம்சம் கறாராகவே பார்க்கப்பட்டது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் அபாயா, கோஸ், பர்சிலாய் வீட்டார் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் (எஸ்றா 2). சரி, ஆரோன்தான் முன்மாதிரி என்றால் எண்ணாகமம் 18:20-ஐயும் எடுத்துக்கொள்ள வேண்டுமே? தேசத்தில் அவருக்குச் சுதந்தரம், அதாவது சொத்துப் பங்கு, கிடையாது என்கிறது அது. சபைச் சொத்தின் டிரஸ்ட் பத்திரத்தில் குடும்பப் பெயரை ஏற்றுகிறவர்களுக்கு இந்த வசனம் மட்டும் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

வம்சவழி ஆசாரியரை வேதம் விமர்சிப்பதுபோல வெளியாள் யாரும் விமர்சித்துவிட முடியாது. ஆசாரியர் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பலியிறைச்சியைக் கேட்டு வாங்கினார்கள். தகப்பன் கண்டித்தார், பதவியிலிருந்து இறக்கவில்லை. அந்த வீட்டில் மிஞ்சுகிறவன் ஒரு துண்டு அப்பத்துக்காக ஏதாவது ஆசாரிய வேலை கேட்டுக் கெஞ்சுவான் என்று தீர்ப்பு வந்தது. பிறகு சாலொமோன் ஏலியின் வழிவந்த அபியத்தாரை ஆனதோத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் சாதோக்கை வைத்தார். இதில் என்னைத் திகைக்க வைப்பவர் சாமுவேல்தான். ஏலியிடமே வளர்ந்தவர், அந்தத் தீர்ப்பைச் சிறுவயதிலேயே காதால் கேட்டவர். வயதானதும் அவரும் தன் மகன்கள் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக்கினார்! அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். மூப்பர்கள் ராஜா வேண்டும் என்று வந்து நின்றதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

கிறிஸ்தவ போதகருக்கு ஆரோனைக் காட்டுவதே பொருந்தாத வாதம். கிறிஸ்தவர்களின் பிரதான ஆசாரியரான இயேசு, ஆரோனின் கோத்திரமல்ல, யூதா கோத்திரத்தார் என்பதையும், அந்தக் கோத்திரத்தைக் குறித்து மோசே ஆசாரியத்துவம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எபிரெயர் 7 ஒளிக்காமல் சொல்கிறது.

அதற்காக மகன் வரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 1 தீமோத்தேயு 3-ல் கண்காணியின், அதாவது சபையை நடத்துகிறவரின், தகுதிகள் இருக்கின்றன. அவற்றை வைத்து அவரைப் பாருங்கள். அந்தப் பட்டியல் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறது, தகப்பனைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பெற்ற தீமோத்தேயுவின் தகப்பனே ஒரு கிரேக்கர். பவுல் நினைவுகூர்வது பாட்டி லோவிசாளின் விசுவாசத்தையும் அம்மா ஐனிக்கேயாளின் விசுவாசத்தையும்தான்.